போர்டு கேம் காய்க்கு பெயிண்ட் அடிக்கணுமா? பேஸ்ல இருந்து ஆரம்பிங்க

நீங்க கேட்டத சுருக்கமா சொன்னா இதுதான்: லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதைய வச்சு வந்த வார் ஆஃப் த ரிங் போர்டு கேம், அதோட ரெண்டாவது எடிஷன் வாங்கிட்டீங்க, ஒரு சைடு படை பூரா நீலம், எதிர் சைடு படை பூரா சிவப்பு, எது கோண்டோர் நாட்டுக் காய் எது நார்த் நாட்டுக் காய்னு தெரிஞ்சுக்க ஒவ்வொரு காயையும் தூக்கி கண்ணுகிட்ட வச்சு பாக்க வேண்டியிருக்கு, பெயிண்ட் அடிச்சா இது தீருமா, பிரஷ் பிடிச்சே பழக்கமில்லாத ஆள் செய்ய முடியுமா.

தீரும், தாராளமா முடியும். ஆனா மினியேச்சர் பெயிண்டிங்னு வீடியோ தேடி, கண்ணு புருவம் எல்லாம் போடுறத பாத்துட்டு அதே மாதிரி செய்ய உக்காந்துடாதீங்க. அது அழகுக்காக செய்ற வேலை, எனக்கும் ரொம்ப பிடிச்ச வேலை. உங்களுக்கு வேண்டியது அடையாளம், அந்த அழகு வேலை நிறைய நேரம் அடையாளத்த கெடுத்துடும்.

எப்படின்னா, எல்லா காயையும் முழுசா பெயிண்ட் பண்றீங்கன்னு வைங்க. கவசத்துக்கு சில்வர், பெல்ட்டுக்கு பிரவுன், முகத்துக்கு தோல் நிறம், குதிரைக்கு இன்னொரு பிரவுன். கைல எடுத்து பாத்தா பிரமாதமா இருக்கும். அதையே போர்டுல வச்சுட்டு நாலு அடி தள்ளி உக்காந்து ராத்திரி வீட்டு லைட்டுல பாருங்க, எல்லாமே சாம்பலும் பிரவுனும் கலந்த ஒரே கும்பலா தெரியும். முன்னாடி யார் சைடுன்னாவது தெரிஞ்சுட்டு இருந்துச்சு, நீலம்னா நம்மாளு சிவப்புன்னா எதிரின்னு, இப்ப அதுவும் போயிடும். ஆசை ஆசையா மாசக்கணக்குல உக்காந்து அடிச்சுட்டு, கடைசில விளையாட்டு முன்ன விட மெதுவா போகுதேன்னு வருத்தப்படுறவங்க இருக்காங்க. அதனால பிளாஸ்டிக்கோட சொந்த நிறத்த முடிஞ்ச வரைக்கும் விட்டுவைங்க, கம்பெனி உங்களுக்கு ஓசியா குடுத்த பெரிய அடையாளம் அதுதான்.

இந்த கேம்ல எதுக்கு அடையாளம் தேவைப்படுதுன்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் பெயிண்ட் பக்கம் போவோம், ஏன்னா பிரஷ் எடுக்கறதுக்கு முன்னாடி பாதி வேலைய குறைக்க முடியும். நாடு எதுன்னு தெரிய வேண்டியது கண்டிப்பா தேவை. போர்ல இறங்காத நாட்டோட படை இன்னொரு நாட்டு எல்லைக்குள்ள போக முடியாது, புதுசா ஆள் சேக்கறதும் அந்த நாடு போர்ல இறங்கின அப்புறம்தான், அதுவும் அவங்க சொந்த ஊர்லதான். அடுத்தது ரெகுலரா எலைட்டாங்கறது, அதாவது சாதா வீரனா சிறப்பு வீரனான்னு. ரெகுலர் ஒரு அடில போயிடும், எலைட் ரெண்டு அடி தாங்கும், ஒரு அடி பட்ட எலைட்ட எடுத்துட்டு அதே நாட்டோட ரெகுலர் ஒண்ண அந்த இடத்துல வைக்கணும். ஆக சண்டை சூடா நடந்துட்டு இருக்கும்போதே நாடு, தரம் ரெண்டும் ஒரே பார்வைல தெரிஞ்சாகணும். அதுவும் ஒரே இடத்துல 10 படைக் காய் வரைக்கும் நிக்கும், முன்னாடி நிக்கிறது பின்னாடி நிக்கிறத மறைச்சுக்கும்.

இப்ப காய எண்ணிப் பாருங்க. நீல சைடுல கோண்டோருக்கு 15 ரெகுலர் 5 எலைட், ரோஹனுக்கும் நார்த்துக்கும் 10 ரெகுலர் 5 எலைட், எல்ஃப்க்கு 5 ரெகுலர் 10 எலைட், ட்வார்ஃபுக்கு ரெண்டும் அஞ்சஞ்சு, அது போக ஒவ்வொரு நாட்டுக்கும் 4 லீடர். சிவப்பு சைடுல சவுரானுக்கு மட்டும் 36 ரெகுலர் 6 எலைட் அதோட லீடர் மாதிரி 8 நாஸ்கூல், சவுத்ரான் ஈஸ்டர்லிங் கூட்டத்துக்கு 24 ரெகுலர் 6 எலைட், ஐசன்கார்டுக்கு 12 ரெகுலர் 6 எலைட். மொத்தத்துல 193 காய், கதாபாத்திரங்கள் தனி.

இதுல எல்லாத்தையும் தொட வேண்டிய அவசியமே இல்ல. ஒவ்வொரு சைடுலயும் எந்த நாட்டுக்கு காய் அதிகமோ அத அப்படியே விட்டுடுங்க. மத்த நாடெல்லாம் நிறத்தோட இருக்கும்போது நிறம் இல்லாம நிக்கிறதே அடையாளம்தானே. சவுரானோட 50 காயும் அவுட், கோண்டோர்ல ரெகுலரும் லீடரும் அவுட். அதே மாதிரி உருவமே சொல்ற இடத்துல தரத்துக்குன்னு நிறம் வேண்டாம். சவுரானோட எலைட் பெரிய ட்ரோல், சவுத்ரானோட எலைட் யானை மாதிரி இருக்கிற மூமாகில், ஐசன்கார்டோடது ஓநாய் மேல உக்காந்த வீரன். இதுங்கள யாரும் ரெகுலர்னு நினைக்க மாட்டாங்க. சிவப்பு சைடுல உண்மையான குழப்பம் சவுரானோட ரெகுலரான ஆர்க்குக்கும் ஐசன்கார்டோட ரெகுலர் ஆளுக்கும் நடுவுலதான், ரெண்டும் மேல இருந்து பாக்க ஒரே குவியலா தெரியும். ஐசன்கார்டு காயோட பேஸ், அதாவது காய் நிக்கிற அடித்தட்டு, அதோட விளிம்புல வெள்ளை அடிச்சுட்டா முடிஞ்சுது, கதைப்படியும் அவங்க சின்னம் வெள்ளைக் கை, அதனால யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. சவுத்ரான்களுக்கு மஞ்சள்.

நீல சைடுல வேலை கொஞ்சம் ஜாஸ்தி. நான் சொல்றது எல்ஃப்க்கு வெளிர் பச்சை, ரோஹனுக்கு மஞ்சள், ட்வார்ஃபுக்கு ஆரஞ்சு, நார்த்துக்கு வெள்ளை. போர்டுல ஒவ்வொரு நாட்டு எல்லைக்கும் ஒரு நிறம் போட்டிருப்பாங்க, அதே நிறத்த எடுக்கணும்னு நிறைய பேர் சொல்வாங்க, ஒத்துவர்ற இடத்துல அது நல்ல யோசனைதான், ஆனா நீல பிளாஸ்டிக் மேல நீல விளிம்பு அடிச்சா யாருக்கு தெரியப்போகுது, அந்த மாதிரி இடத்துல தயங்காம மாத்திக்கோங்க. எலைட்டுக்கு தனி நிறம் தேட வேண்டாம், ரெகுலருக்கு விளிம்பு மட்டும், எலைட்டுக்கு விளிம்போட பேஸோட மேல்பக்கமும் சேத்து அதே நிறம். கோண்டோர் ரெகுலர் வெறுமனே நிக்கட்டும், எலைட்டுக்கு மட்டும் பேஸ் மேல வெளிர் சாம்பல். இப்படி செஞ்சா நிறம் நாட்ட சொல்லுது, அடிச்ச பரப்பு தரத்த சொல்லுது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது. கோண்டோர் தவிர மத்த நாட்டு லீடருக்கு விளிம்போட ஆயுதத்துல ஒரு தங்க நிறம் வச்சா போதும்.

நிறத்த பத்தி இன்னும் ஒரு விஷயம், இத பெரும்பாலும் யாரும் யோசிக்கறதில்ல, எனக்கு இது ரொம்ப முக்கியம். சிவப்பு பச்சை பிரிச்சு பாக்க முடியாதவங்க நம்ம நினைக்கிறத விட அதிகம், ஐரோப்பிய ஆண்கள்ல கிட்டத்தட்ட 8 சதவீதம்னு கணக்கு, மத்த இடங்கள்ல கொஞ்சம் குறைவா இருந்தாலும் உங்க டேபிள்ல ஒருத்தர் வந்து உக்கார வாய்ப்பு நிறையவே இருக்கு, அவங்கள்ல பல பேர் வெளிய சொல்லவும் மாட்டாங்க, சும்மா காய எடுத்து எடுத்து பாத்துட்டு இருப்பாங்க. ஜப்பான்ல ஒகாபே, இட்டோன்னு ரெண்டு விஞ்ஞானிங்க இதுக்காகவே எட்டு நிறம் தேர்ந்தெடுத்து குடுத்திருக்காங்க: கருப்பு, ஆரஞ்சு, வான நீலம், நீலம் கலந்த பச்சை, மஞ்சள், நீலம், செந்தூரம் மாதிரி ஒரு சிவப்பு, சிவப்பு கலந்த ஊதா. எந்த கேமா இருந்தாலும் இதுல இருந்து எடுத்தா பெரிய தப்பு நடக்காது. அதோட வெளுப்பு கருப்பு வித்தியாசமும் இருக்கணும். அத சோதிக்க சுலபமான வழி, மாதிரிக்கு நிறத்துக்கு ஒரு காய் அடிச்சு போர்டுல வச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்து அத கருப்பு வெள்ளைக்கு மாத்திப் பாருங்க. அப்பவும் ஒவ்வொண்ணும் தனியா தெரிஞ்சா மீதிய அடிக்கலாம், ரெண்டு ஒரே சாம்பலா தெரிஞ்சா ஒண்ண மாத்துங்க. விளையாடுற அதே லைட்டுல எடுங்க, ஜன்னல் வெளிச்சத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

பேஸ் விளிம்புல நிறம் வைக்கிறது நானா கண்டுபிடிச்சது இல்ல, கேம் கம்பெனிங்களே அந்த முடிவுக்கு வந்தவங்கதான். 2015ல வந்த பிளட் ரேஜ்ங்கற கேம்ல ராட்சச பொம்மைங்க யாருக்கு வேணா சேரலாம், அதனால ஆளுக்கு ஒரு நிறத்துல பிளாஸ்டிக் வளையம் குடுத்து அத பேஸ்ல மாட்டச் சொல்லிட்டாங்க. டிசென்ட்ங்கற கேமோட ரெண்டாவது எடிஷன்ல சாதா அரக்கன் மண் நிறம், மாஸ்டர் அரக்கன் அதே அச்சுல சிவப்பு பிளாஸ்டிக், ஒரு துளி பெயிண்ட் இல்லாம பிரச்சனை முடிஞ்சுது. இன்னும் பின்னால போனா 1831ல ஸ்காட்லாந்து பக்கம் லூயிஸ் தீவுல கிடைச்ச பழைய செஸ் காய்கள்லயே சிலதுக்கு சிவப்பு சாயம் ஏத்தியிருந்திருக்காங்க, பிளாஸ்டிக்குக்கு பதிலா வால்ரஸ் தந்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பெயிண்ட் வேலைக்கு வருவோம். இங்கதான் நிறைய பேருக்கு கெட்டுப்போகுது, காரணம் பிரஷ் இல்ல, பிளாஸ்டிக். போர்டு கேம் பொம்மைங்க பெரும்பாலும் வளையுற மெத்து பிவிசி, அதுக்குள்ள மெத்துத்தன்மைக்காக எண்ணெய் மாதிரி ஒரு பொருள் கலந்திருப்பாங்க. அதோட எனாமல் பெயிண்டோ, பெயிண்ட் ஒட்டறதுக்கு அடில பூசற பிரைமர்ல சில வகை ஸ்ப்ரேயோ சேந்தா எத்தனை நாள் ஆனாலும் காயாம பிசுபிசுன்னே இருக்கும். நெயில் பாலிஷ் வீட்டுலயே இருக்கே, நிறமும் நிறைய இருக்கேன்னு தோணும், வேண்டாம், அதுல இருக்கிற கரைப்பான் கெட்டியான பாலிஸ்டைரீன் காய உருக்கி எடுத்துடும், பிவிசியையும் பிசுபிசுக்க வச்சுடும். தண்ணில கரையுற அக்ரிலிக் மட்டும்தான், வேற எதுவும் வேண்டாம். பழைய பொம்மை சோல்ஜர் செட்டுல வர்ற மெழுகு மாதிரி வழுக்கற பாலிஎத்திலீன் காயா இருந்தா அக்ரிலிக்கும் சரியா ஒட்டாது, வளைச்சா உரிஞ்சு வந்துடும். அதுக்கெல்லாம் பெயிண்ட்ட விட்டுட்டு கலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கறது மேல்.

முதல்ல கழுவணும். அச்சுல இருந்து பொம்மை சுலபமா கழண்டு வர ஒரு வழவழப்பு பூசியிருப்பாங்க, அது மேல பெயிண்ட் நிக்காது. வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு, பழைய டூத்பிரஷ், லேசா தேச்சு அலசி நல்லா காய விடுங்க. ஒவ்வொரு நாட்டையும் தனித்தனி கிண்ணத்துல கழுவுங்க, இல்லன்னா அடையாளத்துக்காக செய்ற வேலைல முதல் நாளே எல்லாம் கலந்துபோய் உக்காந்து பிரிச்சுட்டு இருக்கணும். ஈட்டி, வாள் வளைஞ்சிருந்தா இதே நேரத்துல சரி பண்ணிக்கலாம், நல்ல சூடான தண்ணில கொஞ்ச நேரம் முக்கினா இளகும், நேரா நிமித்தி பிடிச்சுக்கிட்டே உடனே ஐஸ் தண்ணில வச்சா அப்படியே நின்னுடும்.

அடுத்து பிரைமர். விளிம்பு மட்டும்தானே, நேரா அடிச்சுடலாமேன்னு தோணும். ஆனா பெட்டிக்குள்ள காயும் காயும் இடிச்சுக்கறது அந்த விளிம்புலதான், முதல்ல உதிர்றதும் அங்கதான். அதனால பிரஷ்ல பூசற அக்ரிலிக் பிரைமர், வயெஹோ மாதிரி பிராண்டுல கிடைக்கும், வெள்ளையோ வெளிர் சாம்பலோ வாங்கிக்கோங்க. ஸ்ப்ரே அடிச்சா காய் முழுக்க நிறம் மாறிடும், நம்ம காப்பாத்தணும்னு பேசின நீலமும் சிவப்பும் போயிடும். கடலோர ஊர்லயோ மழை நாள்லயோ ஸ்ப்ரே அடிச்சா காத்துல இருக்கிற ஈரத்துக்கு தூள் தூளா படியவும் செய்யும். வெள்ளை பிரைமருக்கு இன்னொரு லாபம், மஞ்சளும் ஆரஞ்சும் அடர்த்தி கம்மியான நிறங்க, நீல பிளாஸ்டிக் மேல நேரா மஞ்சள் அடிச்சா பச்சை சாயலா அழுக்கா தெரியும், அடில வெள்ளை இருந்தா பளிச்சுன்னு நிக்கும்.

பெயிண்டுக்கு விலை உயர்ந்த மினியேச்சர் பிராண்டுதான் வேணும்னு இல்ல. சிட்டாடல், வயெஹோ, ஆர்மி பெயின்டர் எல்லாமே நல்ல பெயிண்ட், நிறத்துகள் ரொம்ப நைஸா இருக்கும், முகம் கவசம்னு நுணுக்கமா செய்றப்ப அந்த வித்தியாசம் தெரியும். விளிம்பு அடிக்க ஸ்டேஷனரி கடைல கிடைக்கிற ஃபெவிக்ரில் அக்ரிலிக்கே போதும், என்ன, ஒரு கோட் கூட அடிக்க வேண்டியிருக்கலாம். பிரஷ்ஷே வேண்டாம்னு நினைச்சா போஸ்கா மாதிரி அக்ரிலிக் பெயிண்ட் பேனா இருக்கு, தண்ணி வகைதான், கை நடுங்கறவங்களுக்கும் குழந்தைங்கள கூட வச்சு செய்றவங்களுக்கும் நான் அததான் சொல்வேன். ஆனா பிளாஸ்டிக் மேல அது தானா நிக்காது, சுரண்டினா வரும், மேல வார்னிஷ் கட்டாயம்.

அடிக்கிற விதம் சுலபம். பாட்டில் மூடி மேல கொஞ்சம் ப்ளூ டாக், அதாவது களிமண் மாதிரி ஒட்டுற பசை, வச்சு காய அதுல ஒட்டுங்க. பிரஷ் பிடிச்ச கை டேபிள் மேல அசையாம இருக்கட்டும், மூடிய மெதுவா சுத்துங்க, குயவர் சக்கரம் சுத்தற மாதிரி, கோடு தானா வட்டமா வந்துடும். பிரஷ்ஷோட நுனிய விட பக்கவாட்டு முடிய விளிம்புல பதிய வச்சா மேல ஏறாது. பெயிண்ட்ல ஒரு சொட்டு தண்ணி கலந்து ரெண்டு மெல்லிய கோட், முதல் கோட் திட்டுத்திட்டா தெரிஞ்சா கவலப்படாதீங்க, கெட்டியா ஒரே கோட்ல முடிக்கப் பாத்தா ஓரத்துல கட்டி கட்டும், காய் ஆடாம நிக்காது. பேஸ் அடிப்பக்கம் வழிஞ்சத ஈரத் துணியால உடனே துடைச்சிடுங்க. ஒவ்வொரு காயா முடிக்காம ஒரு நாட்டோட எல்லா காய்க்கும் ஒரு கோட் போட்டுட்டு வந்தா, கடைசி காய் முடியறப்ப முதல் காய் காஞ்சு ரெண்டாவது கோட்டுக்கு தயாரா இருக்கும்.

விளிம்பு மட்டும் அடிச்சா பொம்மை மொட்டையா இருக்கே, கொஞ்சம் அழகும் வேணும்னா அதுக்கும் நிறத்த இழக்காத வழி இருக்கு. வாஷ்னு சொல்ற தண்ணி மாதிரி கரைசல், சிட்டாடல்ல நல்ன் ஆயில்னு கருப்பு, அக்ராக்ஸ் எர்த்ஷேட்னு பிரவுன், அத பிளாஸ்டிக் மேல அப்படியே பூசினா பள்ளத்துல எல்லாம் இறங்கி நிழலா நிக்கும், மடிப்பு, முகம், கவசத்தோட வளையம் எல்லாம் திடீர்னு தெரிய ஆரம்பிக்கும். நீலம் நீலமாவே இருக்கும், சிவப்பு சிவப்பாவே இருக்கும். அவேக்கன் ரெல்ம்ஸ் கம்பெனி சன்ட்ராப்னு ஃபேக்டரிலயே போட்டு விக்கிறது கிட்டத்தட்ட இதே வேலைதான். தேங்கி நிக்கிற இடத்துல ஈர பிரஷ்ஷால உறிஞ்சி எடுத்துடுங்க, இல்லன்னா காஞ்சதும் கறை மாதிரி தெரியும். வாஷ முதல்ல முடிச்சுட்டு விளிம்ப அப்புறம் அடிங்க. முழுசா பெயிண்ட் பண்ற ஆசை இருந்தா கதாபாத்திரங்கள எடுத்துக்கோங்க, கேண்டால்ஃப், ஸ்ட்ரைடர், சாருமான், ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு காய், அங்க எவ்வளவு நுணுக்கமா செஞ்சாலும் அடையாளம் கெடாது, கூடத்தான் செய்யும்.

வேற கேம் வச்சிருக்கிறவங்களும் இத படிப்பீங்க, அதனால ஒரு வார்த்தை. உங்க பிரச்சனை எப்பவும் நாடு நாடா பிரிக்கிறதா இருக்காது. இம்பீரியல் அசால்ட் மாதிரி கேம்ல ஒரே மாதிரி மூணு வீரன் நிப்பான், எவனுக்கு எவ்வளவு அடி பட்டுச்சுன்னு தெரியணும். அங்க நிறத்த விட எண் நல்லது, பேஸ்ல ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, மூணு புள்ளி, டூத்பிக் நுனில பெயிண்ட் தொட்டு வச்சாலே போதும். புள்ளிய முன்னாடியும் பின்னாடியும் வைங்க, எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கும் தெரியணும்ல.

கடைசியா வார்னிஷ், இத மட்டும் சோம்பல்பட்டு விட்டுடாதீங்க. விளையாட்டு காய கை படாம வச்சுக்க முடியாது, வியர்வையும் எண்ணெயும் பட்டுக்கிட்டே இருக்கும். பளபள வார்னிஷ் பளபளப்பு இல்லாத மேட்ட விட உறுதி, அதனால விளிம்புல முதல்ல பளபள, அது காஞ்சதும் வேணும்னா மேட், ரெண்டுமே தண்ணி வகை அக்ரிலிக்கா, பிரஷ்ல பூசறதா பாத்து வாங்குங்க. தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உள்ள முழுசா இறுக நேரம் ஆகும், குறைஞ்சது ரெண்டு மூணு நாள் காத்தாட வெளிய வச்சுட்டு அப்புறம் பெட்டில போடுங்க, அவசரப்பட்டு குவிச்சு போட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பிரிக்கும்போது நிறத்தோட உரிஞ்சு வரும். பெட்டிலயும் நாட்டுக்கு ஒரு அறையா, மாத்திரை டப்பாவோ தூண்டில் சாமான் டப்பாவோ வாங்கி பிரிச்சு வைங்க. முதல்ல ஐசன்கார்டோட 18 காய மட்டும் எடுத்து வெள்ளை விளிம்பு அடிச்சு ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க, நிறம் போதுமா, கோடு இன்னும் தடிமனா வேணுமான்னு அதுலயே தெரிஞ்சுடும். பிடிக்கலன்னா ஐசோப்ரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சா அக்ரிலிக் வந்துடும், திரும்ப அடிச்சுக்கலாம்.